உயிலை அடித்துத் திருத்தாதீர்கள்



என்னிடம் படித்த பலருக்கே இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. போனில் பேசினால் சொத்து, உயில் என்று பேச்சு வருகிறது. அதனால் இன்று ஒரு சொல்: 'காடிசில்'.

இலத்தீனில் 'கோடெக்ஸ்' என்றால் ஏடு. அதிலிருந்து வந்த 'காடிசில்' என்பதற்குச் சிறு ஏடு என்று பொருள். தமிழில் 'உயிலின் பிற்சேர்க்கை' என்றாலே விளங்கிவிடும். ஏற்கெனவே எழுதிய உயிலை விளக்கவோ, மாற்றவோ, அதில் ஒன்றைச் சேர்க்கவோ எழுதுவது இது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இதையும் உயிலின் ஒரு பகுதியாகவே கருதுகிறது.

இதை ஏன் சொல்கிறேன்? நம் வீடுகளில் மனம் மாறினால் பழைய உயிலை எடுத்து, ஒரு பெயரை அடித்துவிட்டு மேலே இன்னொரு பெயரை எழுதிவிடுகிறார்கள். வீட்டுப்பாட நோட்டில் அப்படித் திருத்தலாம். உயிலில் செல்லாது. திருத்தத்துக்கும் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, கடைசிக் காலத்தில் தன்னைப் பார்த்துக்கொண்ட மகளுக்கு வீட்டின் பின்கட்டைத் தருவதாக உயிலின் ஓரத்தில் எழுதி வைத்தார். சாட்சி இல்லை. அண்ணன்மார் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று அந்தப் பிள்ளைகள் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் போவதில்லை. அம்மாவின் ஆசை நியாயமானது. அந்தக் காகிதம்தான் அவருக்குத் துணை நிற்கவில்லை.

பிற்சேர்க்கை எழுத முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு செய்வதும் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. எந்தத் தேதியிட்ட உயிலுக்கு இது சேர்க்கை என்று தெளிவாக எழுதுங்கள். இரண்டு சாட்சிகளாவது, நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்துத் தாங்களும் கையெழுத்திட வேண்டும். பங்கு பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். எழுதியதை உயிலோடு சேர்த்தே வையுங்கள்.

ஒன்றிரண்டு மாற்றத்துக்குத்தான் பிற்சேர்க்கை. மாற்றம் அதிகமானால் பழையதை ரத்து செய்வதாகச் சொல்லிப் புதிய உயிலே எழுதிவிடுவது மேல். ஒட்டுப் போட்ட துணி போல நாலைந்து சேர்க்கைகள் இருந்தால் படிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். அவரவர் நிலைமைக்கு எது சரி என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிலை மாற்றுவது ஒரு பிள்ளையைத் தள்ளிவைப்பதாகாது. வாழ்க்கை மாறும்போது எழுத்தும் மாறத்தான் வேண்டும். பிள்ளைகள் இதைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவார்கள். பெரியவர்களே உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்.