தேய்மானம் இல்லாத கிண்ணம்

பி.காம். வகுப்பில் ஒழுங்காகச் சொல்லித் தந்த ஒரே விஷயம் தேய்மானம். வருஷம் ஆக ஆக எந்தச் சாமானும் மதிப்புக் குறையும். நாற்காலி, மேஜை, சமயத்தில் அதில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா உட்பட. இந்தச் சித்தாந்தத்தை உடைத்தது ஒரு சீனக் கிண்ணம்.

செலடான் என்று பெயர். பச்சையா, நீலமா என்று சட்டென்று சொல்ல முடியாத நிறத்தில் பழங்காலப் பீங்கான். மேல்பூச்சில் துளி இரும்பு கலந்து, சூளையில் காற்றை அடக்கிச் சுட வேண்டும். காற்று கூடிவிட்டால் பச்சை போய்ப் பழுப்பாகிவிடும். இதில் உச்சம், ஸுங் அரசவைக்காக 900 வருஷத்துக்கு முன் ஹெனான் பக்கத்தில் செய்த 'ரூ' ரகம். (பெயரிலேயே விலைச்சீட்டு!) உலகத்தில் மிஞ்சியிருப்பது நூறுக்கும் குறைவு. 2017-ல் ஹாங்காங் ஏலத்தில், தூரிகை கழுவுகிற 13 செ.மீ. கிண்ணம் ஒன்று 29.43 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. நம் பணத்தில் 240 கோடிக்கு மேல்.

மனைவியிடம் சொன்னேன்.

"பிரஷ் கழுவவா? நம்ம வீட்ல பாத்திரம் கழுவற ஸிங்க்கே ரெண்டு மாசமா ஒழுகுது."

ஆசை யாரை விட்டது? பழைய சாமான் கடைக்காரர் ஒருவர், "லோங்சுவான் சூளை சார், 13-ம் நூற்றாண்டு" என்று ஒரு கிண்ணத்தை நீட்டினார். அசல் லோங்சுவானில் பூச்சு படாத அடிவிளிம்பு செம்மண் நிறமாக இருக்கும் என்று படித்திருந்தேன். கவிழ்த்துப் பார்த்தேன். இருந்தது! போலி செய்கிறவர்களும் அதே புத்தகத்தைத்தான் படிப்பார்கள் என்று தோன்றவில்லை. தீபாவளி போனஸில் 4,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். வீட்டில் நானூறு என்றேன்.

மறுவாரம் ஒரு பாத்திரக் கடை வாசலில் அதே கிண்ணம், அதே செம்மண் விளிம்போடு, டஜன் கணக்கில் அடுக்கியிருந்தது. வந்த ஆத்திரத்தில் என்னுடையதை எடுத்து உள்ளே ஒளித்து வைக்கப் போனேன். கை நழுவி மூன்று துண்டு. "நானூறுதானே, போகட்டும்" என்று குப்பைக் கூடையில் போட்டேன்.

அன்றிரவு தூக்கம் வராமல் புரட்டியபோது இன்னொரு கிண்ணத்தின் கதை கிடைத்தது. 15-ம் நூற்றாண்டில் ஜப்பானின் அஷிகாகா யோஷிமாசா என்ற ஷோகன், விரிசல் விட்ட தன் செலடான் கிண்ணத்தைச் சீனாவுக்கு அனுப்பி, இதே மாதிரி இன்னொன்று கேட்டாராம். "இப்போது யாராலும் செய்ய முடியாது" என்று, விரிசலுக்கு உலோகக் கவ்வி போட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். கவ்விகள் வெட்டுக்கிளி மாதிரி இருந்ததால் அதற்கு வெட்டுக்கிளிப் பெயரே வைத்துக் கொண்டாடினார்கள். இன்று அது டோக்கியோ தேசிய மியூசியத்தில் இருக்கிறது, கவ்விகளோடு.

காலையில் பார்த்தால், டி.வி. பக்கத்தில் என் கிண்ணம். எம்-ஸீல் வைத்து ஒட்டியிருந்தது.

"இதை எதுக்கு ஒட்டினே?"

"நாலாயிரம் ரூபா சாமானாச்சே, தூக்கிப் போட மனசு வரலை."

சாயங்காலம் பிளம்பரைக் கையோடு கூட்டி வந்தேன்.