ஏர்கன் வாங்கியாச்சா?

கையில் நாலு காசு சேர்ந்ததும் சிலருக்கு ஒரு ஆசை வரும். கார் வாங்கியாச்சு. ஏற்காட்டில் ரூம் போட்டு அலுத்தும் போச்சு. அடுத்து?

"வேட்டை பழகலாம்னு இருக்கேனுங்க. எங்கிருந்து ஆரம்பிக்கறது?"

பெருந்துறை டீக்கடையில் காதில் விழுந்த கேள்வி இது. பக்கத்தில் இருந்த மீசைக்காரப் பெரியவர் உடனே வாத்தியார் ஆகிவிட்டார். "மொதல்ல ஒரு ஏர்கன் வாங்கு கண்ணு. குளத்தங்கரைல கொக்கு அடிச்சுப் பழகு."

ஜெயிலுக்கும் அவர் துணைக்கு வருவாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சின்ன ரக ஏர்கன் வாங்க லைசென்ஸ் வேண்டாம் என்பது வாஸ்தவம். அதற்காகக் கொக்கைச் சுட அனுமதி கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972ல் வந்தபோது, லைசென்ஸ் வாங்கி வேட்டையாட ஓரமாக ஒரு சந்து இருந்தது. 1991 திருத்தத்தில் அதையும் அடைத்துவிட்டார்கள். கொல்வது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் வேட்டைதான். குறி தப்பினாலும் தப்பிக்க முடியாது, முயற்சியும் குற்றம்.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு எல்லாமே வரவு செலவுதான். மயிலைக் கொன்றால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில். அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ஒரு மயிலில் நாலு கிலோ கறி தேறும் என்றே வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு ஒன்பது மாசம் உள்ளே! பல்லடம் பிராய்லர் எவ்வளவோ சல்லிசு.

"காட்டுப்பன்னி வெள்ளாமையை அழிக்குதே, அதைச் சுட்டா என்ன?" என்பார்கள். விவசாயியின் வயிற்றெரிச்சல் நிஜம். அதற்காகத்தான், காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. சுடப்போவது வனத்துறை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு முன்னால் பொழுது போகாதவர்கள் அல்ல. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயைக் கடித்து, வாய் சிதறி, தின்ன முடியாமல் செத்த யானைகள் கோவை வட்டாரத்தில் உண்டு. கற்றுக்குட்டி வேட்டையின் லட்சணம் அது.

அடுத்த வாதம், பாரம்பரியம். அதைப் பேச உரிமை உள்ளவர்கள் வேறு. நரிக்குறவர்களுக்கு வேட்டை பொழுதுபோக்கு இல்லீங்க, சோறு. ஒரே சட்டத்தில் அந்தச் சோறு போனது. ஊசிமணி, பாசிமணியோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். சரியாக அம்பது வருஷம்! காட்டையும் பறவையையும் காப்பாற்றிய செலவை அவர்கள் கணக்கில் எழுதிவிட்டோம். இப்போது வயிறு நிறைந்தவர் 'ஹாபி' என்று துப்பாக்கியைத் தூக்கினால், அதற்குப் பேர் பாரம்பரியமா? மோசடி.

"பறவை மனிதர் சலீம் அலியே சின்ன வயசில் ஏர்கன்னில் குருவி சுட்டவர்தானே?" சுட்டார். தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்த அந்தக் குருவியை, இது என்ன ஜாதி என்று கேட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப் போனார். அந்தக் கேள்விதான் அவரைப் பெரிய ஆளாக்கியது. குறி பார்த்தது அல்ல.

பதுங்கணும், பொறுமையாகக் காத்திருக்கணும், தடம் பார்க்கணும் என்ற தினவு இருந்தால் பெருந்துறைக்காரர்கள் தூரம் போக வேண்டாம். பக்கத்திலேயே வெள்ளோடு பறவைகள் சரணாலயம். 2022ல் ராம்சார் பட்டியலில் ஏறிய குளம். அங்கே வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று சுற்றுக் கிராமத்து ஜனங்கள் வருஷக்கணக்கில் தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்காமல் இருந்திருக்கிறார்கள். கம்பி மத்தாப்போடு சரி. பச்சைக் குழந்தைகள்கூட வெடிச் சத்தத்தை விட்டுக்கொடுத்த ஊர் அது.

அந்தக் குழந்தைகளுக்கு இருக்கும் அடக்கம், மீசை முளைத்தவர்களுக்கு வேண்டாமா?