சுண்ணாம்பு இல்லாத உலகம்

கணினி விளையாட்டு என்றதும் நம் பெற்றோருட் பலர் முகஞ் சுளிப்பர். பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்க வந்த பேய் என்பது அவர்தம் முடிபு. அம்முடிபு முற்றும் பிழையென வாதிட நாம் முன்வரவில்லை. ஆயினும், எல்லா விளையாட்டுக்களையும் ஒரே தராசில் நிறுத்தல் நியாயமாகாது. மணலிற் சிற்றில் இழைத்து விளையாடிய சிறுமியரைச் சங்கச் சான்றோரும் பாடியுள்ளனர். வீடு கட்டி விளையாடும் விருப்பம் அத்துணைப் பழமையானது. அவ்விருப்பத்தையே முதலாகக் கொண்டு எழுந்த ஒரு கணினி விளையாட்டையும், அதற்கு நம் மாணவர் கூறத்தக்க ஒரு யோசனையையும் இவ்வாரம் ஆராய்வோம்.

அவ்விளையாட்டின் பெயர் மைன்கிராப்ட். சுவீடன் தேசத்தவரான மார்க்கஸ் பெர்சன் என்பவர் 2009 ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் வெளியிட்டார். முழுமையான பதிப்பு 2011 ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. 2014 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் 250 கோடி டொலர் விலை கொடுத்து இதனை உரிமையாக்கிக் கொண்டனர். 2023 ஆம் ஆண்டளவில் 30 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகியிருந்தன.

இவ்விளையாட்டின் உலகம் ஒரு மீற்றர் பக்கமுள்ள சதுரமுகிக் கட்டைகளால் ஆனது. மலையும் மரமும் வயலும் யாவும் கட்டைகளே. ஆடுபவர் மண்ணைத் தோண்டுகிறார், மரத்தை வெட்டுகிறார், கல்லைப் பெயர்க்கிறார். பின்னர் அவற்றை ஒன்பது கட்டங்களையுடைய ஒரு வேலை மேசையில் ஒழுங்குபட வைத்துப் புதிய பொருள்களை ஆக்குகிறார். மணலை உலையிலிட்டாற் கண்ணாடி கிடைக்கும். களிமண் உருண்டையைச் சுட்டாற் செங்கல் கிடைக்கும். நான்கு செங்கற்களைச் சேர்த்தால் ஒரு சுவர்க்கட்டை ஆகும். இன்னின்ன பொருளை இன்னின்னவாறு சேர்த்தால் இன்னது பிறக்கும் என்னும் விதிகளே இவ்விளையாட்டின் உயிர்நாடி.

இதனை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்குவோர் ஒரு செய்தியை அறிதல் நன்று. ஐக்கிய நாடுகள் சபையின் மனிதக் குடியிருப்புத் திட்டத்தார் 2012 ஆம் ஆண்டிலே இவ்விளையாட்டை ஆக்கிய நிறுவனத்தாருடன் கைகோத்தனர். நகரங்களிலுள்ள பொது இடங்களை எவ்வாறு திருத்தி அமைக்கலாம் என்பதை, அங்கு வாழும் மக்களே இவ்விளையாட்டிற் கட்டிக் காட்டுவதற்கு அவர்கள் வழிவகுத்தனர். ஆகவே, இங்குள்ள கட்டைகள் சில வேளைகளில் மெய்யான ஊர்களின் வடிவத்தையும் தீர்மானிக்க உதவுகின்றன.

இனி நம் பொருளுக்கு வருவோம். புதிய கட்டடப் பொருள்களைச் சேர்க்க வேண்டுமென்று ஆடுவோர் இடையறாது யோசனை கூறி வருகின்றனர். ஆக்கியோரும் காலத்துக்குக் காலம் புதியன சேர்க்கின்றனர். 2017 இற் கொங்கிறீற்று வந்தது. 2021 இற் செம்பு வந்தது. 2022 இல் மண்செங்கலும், 2023 இல் மூங்கிற் பலகையும் வந்தன. யோசனை கூறுவோர் பலர் புதிய நிறத்தையும் புதிய கோலத்தையுமே கேட்கின்றனர். சிவப்புக் கல் இருக்கிறது, நீலக் கல் வேண்டும் என்பது போன்ற வேண்டுகோள்களால் ஆவது சிறிது. பொருளொன்று எவ்வாறு பிறக்கின்றது என்பதையும், அதனைப் பெறுவதற்கு நாம் எதனை இழக்கின்றோம் என்பதையும் எது உணர்த்துகின்றதோ, அதுவே சேர்க்கத்தக்க பொருள் என்பது நமது துணிபு.

முன் வந்தவற்றுள் இரண்டு இவ்வளவுகோலுக்கு நன்கு பொருந்துகின்றன. முதலாவது மண்செங்கல். ஆடுபவர் ஒரு போத்தல் நீரை மண்ணின்மேல் ஊற்றினால் அது சேறாகின்றது. அச்சேற்றுடன் கோதுமையைச் சேர்த்தால் இறுகிய மண் ஆகின்றது. அது நான்கு சேர்ந்தாற் செங்கல் ஆகின்றது. மெய்யான உலகிலும் பச்சைச் செங்கல் அறுப்போர் மண்ணுடன் வைக்கோலைப் பிசைகின்றனர். காயும்போது செங்கல் வெடியாதிருத்தற்கு வைக்கோல் துணை செய்கின்றது. யேமன் நாட்டிலுள்ள ஷிபாம் நகரின் பல மாடி வீடுகள் இவ்வாறான சுடாத செங்கல்லால் எழுந்தவையே.

இரண்டாவது செம்பு. இவ்விளையாட்டிற் செம்புக் கட்டை காலஞ் செல்லச் செல்லக் களிம்பேறி, நான்கு நிலைகளைக் கடந்து, ஈற்றிற் பசுநீல நிறம் அடைகின்றது. தேன்மெழுகைப் பூசினாற் களிம்பு தடைப்படும். கோடரியாற் சுரண்டினாற் பழைய நிறம் மீளும். செம்பிற் களிம்பு என்பதைப் புத்தகத்தில் மாத்திரம் படித்த பிள்ளை, தான் வேய்ந்த கூரையிலே அதனைக் கண்டு வியக்கின்றது.

கொங்கிறீற்றோ இவ்வளவுகோலிற் குறைந்து நிற்கின்றது. நான்கு மணற்கட்டை, நான்கு சரளைக்கட்டை, ஒரு சாயம் ஆகியவற்றைச் சேர்த்தால் எட்டுக் கொங்கிறீற்றுப் பொடிக்கட்டைகள் கிடைக்கின்றன. நீர் பட்டதும் அவை கல்லாய் இறுகிவிடுகின்றன. இதனைக் கேட்கும் எந்தக் கொத்தனாரும், "தம்பி, சீமெந்து எங்கே?" என்றே வினவுவார். மணலும் சரளையும் நீரும் எத்தனை நாள் கூடியிருந்தாலும் சுவராகா. அவற்றைப் பிணிக்கும் பொருள் வேண்டும். அப்பிணிப்பொருள் இவ்விளையாட்டில் இல்லை. சீமெந்தும் இல்லை, சீமெந்துக்கு மூத்ததான சுண்ணாம்பும் இல்லை. ஆகவே நாம் கூறும் யோசனை இதுவே: சுண்ணாம்பைச் சேர்க்க வேண்டும்.

மெய்யுலகிற் சுண்ணாம்பு பிறக்கும் முறையைச் சிறிது நோக்குவோம். சுண்ணாம்புக் கல்லையோ சிப்பியையோ சூளையில் ஏறக்குறைய 900 பாகை வெப்பத்திற் சுட்டால், அதிலுள்ள காபனீரொட்சைட்டு வாயு நீங்கிவிடும். தூய கல் 100 கிலோகிராம் சுட்டால் எஞ்சுவது 56 கிலோகிராம் சுட்ட சுண்ணாம்பு. மற்றை 44 கிலோகிராமும் வாயுவாய்ப் போகும். சுட்ட சுண்ணாம்பில் நீரை விட்டால் அது சீறிக் கொதித்துப் பொடியாகும். இதனையே நீற்றுதல் என்பர். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு குழைத்தாற் சாந்து ஆகும். சுவரிற் பூசிய சாந்து, தான் சூளையில் இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாக மீளப் பெற்று மறுபடியுங் கல்லாகின்றது. கல்லாய்ப் பிறந்து, தீயிற் பொடியாகி, மீண்டுங் கல்லாகும் இவ்விந்தையினும் சிறந்த பாடம் ஒரு விளையாட்டுக்கு வேறென்ன வேண்டும்?

இதற்குப் புதிதாக எதனையும் பூமியிற் புதைக்க வேண்டியதில்லை என்பது இன்னொரு வசதி. சுண்ணாம்புக் கல்லின் முதன்மைக் கனிப்பொருளாகிய கல்சைற்று 2021 ஆம் ஆண்டு தொடக்கம் இவ்விளையாட்டில் உண்டு. அதனை உலையிலிட்டாற் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கட்டும். அதனை நீரிலிட்டால் ஆவி எழ நீறட்டும். அருகில் நிற்பவருக்குச் சிறிது ஊறும் நேரட்டும். நீற்றியதை நான்கு மணலோடு சேர்த்தாற் சாந்து ஆகட்டும். செம்பிலே தேன்மெழுகைப் பூசுவது போல, எழுப்பிய சுவரின்மேற் சாந்தையோ வெள்ளையையோ கையாற் பூசத்தக்கதாக இருக்கட்டும். பூசிய சுவர் மழையிற் கறுத்து, மீண்டும் வெள்ளையடிக்கும்வரை காத்திருக்கட்டும்.

முன்னோர் சாந்தின் வலிமையைப் பெருக்கப் பல உபாயங்களைக் கையாண்டனர். நம்மவர் வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீரை விட்டுக் குழைத்தனர். சீனர் பசையரிசிக் கஞ்சியைக் கலந்தனர். விளையாட்டிலே சர்க்கரை ஏற்கெனவே உண்டு. அதனைச் சாந்திற் சேர்ப்போருக்குச் சற்று உறுதியான சுவர் கிடைக்கச் செய்தல் பொருத்தமாகும்.

மற்றொரு சேர்க்கையும் உண்டு. எரிமலைச் சாம்பல் இறுகியுண்டாகும் கல்லொன்று இவ்விளையாட்டின் நிலத்தடியிற் கிடைக்கின்றது. சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் சேர்ந்தால் நீருக்குள்ளும் இறுகும் என்பதை உரோமர் அறிந்திருந்தனர். துறைமுகங்களைக் கடலுக்குள்ளே கட்டியதும், உரோமாபுரியிலுள்ள பந்தியன் கோயிலின் 43 மீற்றர் அகன்ற விதானத்தை எழுப்பியதும் அக்கலவையாலே. இரும்புக் கம்பி ஒன்றுமின்றி ஏறக்குறைய 1,900 ஆண்டுகளாக அவ்விதானம் நிற்கின்றது. சுண்ணாம்பு, சாம்பற்கல், சரளை ஆகிய மூன்றுஞ் சேர்ந்து நீருள் இறுகும் உரோமர் கொங்கிறீற்றாகுமாயின், பிள்ளைகள் சரித்திரத்தையும் இரசாயனத்தையும் ஒருங்கே கற்பர்.

ஆயினும், பயனை மாத்திரம் கூறி இழப்பை மறைத்தல் முறையன்று. சுண்ணாம்புக்கு ஒரு விலை உண்டு. அதனைப் பிறரினும் நாம் நன்கறிவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளமே சுண்ணாம்புக் கல். அக்கல்லின் இடுக்குகளிலே தங்கும் மழைநீரே நம் கிணறுகளில் ஊறுகின்றது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 ஆம் ஆண்டிலே போரினால் மூடப்பட்டது. அதற்கெனக் கல் அகழ்ந்த பெருங் குழிகள் இன்றும் அப்பகுதியில் வாய்பிளந்து கிடக்கின்றன.

தென்மேற்குக் கரையிலோ சுண்ணாம்புக்காக முருகைக்கற்களைக் கடலிலிருந்து பெயர்த்தனர். 2004 ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை எழுந்தபோது, முருகைப்பார் காக்கப்பட்ட ஹிக்கடுவையிலும், அது பெயர்க்கப்பட்டிருந்த பெரலியாவிலும் நேர்ந்த அழிவுகள் பெரிதும் வேறுபட்டன. சில கிலோமீற்றர் தூரமே இடைவெளியாயுள்ள இவ்விரண்டினுள், பாரில்லாத இடத்திலேதான் அலை உயர்ந்தெழுந்து உள்நாடு புகுந்தது என ஆராய்ச்சியாளர் கண்டனர். புகைவண்டியொன்று பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டதும் பெரலியாவிலேதான்.

இவ்வுண்மையும் விளையாட்டில் இடம்பெறல் வேண்டும். முருகைக் கட்டைகள் இவ்விளையாட்டின் கடலிலும் உள்ளன. நீரைவிட்டு எடுத்தால் அவை நிறம் இழந்து மாள்கின்றன. முருகையைச் சுட்டாலுஞ் சுண்ணாம்பு எளிதிற் கிடைக்கட்டும். ஆனால் பார் குறைந்த கரையை அலை சிறிது சிறிதாக அரிக்கட்டும். கல்சைற்றைத் தேடி மலைக்கு ஏறுவதா, அருகிலுள்ள பாரை உடைப்பதா என ஆடுபவரே தீர்மானிக்கட்டும். தடை விதிப்பதினும் இத்தகைய தெரிவு நன்கு போதிக்கும். இன்று உலகில் மனிதர் வெளியிடும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு ஏழு அல்லது எட்டுப் பங்கு சீமெந்துத் தொழிலாலே உண்டாகின்றது. நாளை வீடு கட்டப் போகும் பிள்ளைகள் அத்தெரிவை இன்றே பழகுதல் நன்று.

மாணவர்களே, இவ்விளையாட்டுக்கு நீங்களும் ஒரு பொருளை எழுத்திலே முன்மொழிந்து பாருங்கள். எழுதுமுன் மூன்று வினாக்களுக்கு விடை தேடுங்கள். அப்பொருள் மெய்யுலகில் எதிலிருந்து, எத்தொழிலாற் பிறக்கின்றது? விளையாட்டில் ஏற்கெனவே உள்ள பொருள்களால் அதனை ஆக்க முடியுமா? அதனை ஆக்குவதால் எது குறைகின்றது? மூன்றுக்கும் விடை கிடைத்தால் உங்கள் யோசனை கேட்கத்தக்கதாகும். விடைகள் எல்லாம் புத்தகத்தில் இரா. உங்கள் ஊரிலே சுண்ணாம்புச் சாந்து குழைத்த முதிய கொத்தனார் ஒருவர் இன்னும் இருப்பாராயின், அவரிடஞ் சென்று கேளுங்கள். சாந்தை எத்தனை நாள் புளிக்கவிட்டனர், எத்தனை முறை அரைத்தனர், என்ன சேர்த்தனர் என்பனவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்றிப் பார்க்க மாத்திரம் முயலாதீர்கள். அது கண்ணுக்கும் தோலுக்கும் பெருங் கேடு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை திரையிலே வீடு கட்டும்போது, "இன்னும் எத்தனை நேரம்?" என்று மாத்திரம் வினவாது, "இச்சுவரை எதனாற் பிணித்தாய்?" என்றும் ஒரு முறை வினவிப் பாருங்கள். பிள்ளைக்கு அதன் விடை தெரியாதாயின், உங்கள் வீட்டுச் சுவரையே காட்டிப் பேச்சைத் தொடங்கலாம்.