குதிரைத்திறன் மட்டும் போதாது

1969-ஆம் ஆண்டு செவ்ரோலே கமாரோ போன்ற அமெரிக்க ‘மசில்’ காரைப் புதுப்பிக்கிறவர்கள் பலரும் முதல் செலவை எஞ்சினில்தான் செய்கிறார்கள். முறை அங்கேயே தலைகீழாகிவிடுகிறது. அந்தக் காரின் அடிப்படை வடிவில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். முன்சக்கர டிஸ்க் பிரேக்குக்குத் தனி விலை. சீட்டுகளில் பக்கவாட்டுப் பிடிமானம் பெயருக்குத்தான். அதில் 430 குதிரைத்திறன் கொண்ட எல்எஸ்3 எஞ்சினைப் பொருத்தினால் வேகம் கூடும், நிற்கும் திறன் கூடாது. வளைவில் சரியும் ஓட்டுநர் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்க வேண்டியதுதான். ஆகவே முதலில் பிரேக், சஸ்பென்ஷன், அடுத்து சீட்டு, பெல்ட், பார்வைக்கு எட்டும் மீட்டர்கள், எஞ்சின் கடைசியில். அலங்காரம் என்று ஒதுக்கப்படும் உள்வேலையும் செயல்திறனில் சேர்த்திதான்.

பழைமையைச் சிதைக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மொத்தம் 69 மட்டுமே தயாரான இசட்எல்1 கமாரோவில் கைவைப்பது பிழைதான். ஆனால் அதே 1969-இல் இரண்டு லட்சத்துக்கும் மேல் வெளிவந்த சாதாரண கமாரோக்களில், அசல் எஞ்சினை எப்போதோ இழந்துவிட்ட ஒன்றுக்கு அந்த வாதம் பொருந்தாது. அபூர்வமானதை அப்படியே காப்பாற்றுங்கள். மற்றதைப் பத்திரமாக ஓடும்படி மாற்றுங்கள்.