எச்சரிக்கை யாரைக் கட்டுப்படுத்தும்?

பத்ரிநாத்துக்கு அப்பால், 3,200 மீட்டர் உயரத்தில் உள்ள மாணா கிராமத்து ஜனங்கள், கோயில் நடை சாத்தப்பட்டுக் குளிர்காலம் தொடங்கியதும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு கீழ்ப் பள்ளத்தாக்குகளில் குடியேறுவதும், நடை திறக்கும் காலத்தில் மறுபடி ஏறி வருவதும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அவர்கள் இவ்வாறு காலிசெய்துவிட்டுப் போன இடத்துக்கு அருகில்தான், 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி விடியற்காலையில், எல்லைச் சாலையில் பனியகற்றும் வேலைக்காக வந்திருந்த 54 தொழிலாளர்கள் பனிச்சரிவில் சிக்கினார்கள். ராணுவத்தாரும் மற்ற மீட்புப் படையினரும் செய்த பெருமுயற்சியால் 46 பேர் பிழைத்தார்கள். 8 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்களில் பலர் தங்கியிருந்த இரும்புக் கொள்கலன்களுக்குள் இருந்த காற்றுதான் அவர்களுடைய பிராணனைக் காத்தது.

இது எதிர்பாராத விபரீதம் அன்று. முந்திய நாள் மாலை ஐந்து மணிக்கே, சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிலையம், மாணா அமைந்த சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட பகுதிகளுக்கு 24 மணி நேரப் பனிச்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தது. பனிப்புயலின்போதும், அது ஓய்ந்து வானம் தெளிந்த முதல் ஓரிரு நாட்களிலும் சரிவுகள் நம்பத்தகாதவை என்பது பனியோடு பழகியவர்கள் அனைவரும் அறிந்த விஷயம். பழைய பனியின்மேல் புதுப்பனி திடீரென்று குவியும்போது இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள அவகாசம் இருப்பதில்லை; அடியிலே ரவைபோல் பொலபொலவென்று உதிர்ந்து கிடக்கும் அடுக்கு, மேலே ஏறிய பாரத்தைத் தாங்கமாட்டாத நிலையில் இருக்கும். காற்றோ, மலையின் ஒரு புறத்துப் பனியை வாரி மறுபுறத்துச் சரிவில் சேர்த்து அந்தப் பாரத்தைப் பின்னும் பெருக்கிவிடும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவிலே, இந்த நிலையில், ஒரு மனிதன் கால் வைத்தாலும் போதும். சில வேளை அதுவும் வேண்டியதில்லை. வெளியிடத்தில் புதையுண்டவனைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டியெடுத்தால் அநேகமாகப் பிழைத்துவிடுகிறான். அரை மணிக்கு மேலானால் ஏறக்குறைய மூவரில் ஒருவரே பிழைக்கிறார்.

காஷ்மீரத்துக் குல்மார்க்கில், 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், அடுத்த ஆண்டு அதே மாதத்தில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சறுக்கு விளையாட்டின்போது இவ்விதமே உயிரிழந்தார்கள். இரங்கத்தக்க மரணங்களே அவை. ஆயினும் அத்தகையோர் எச்சரிக்கையைக் கேட்டு, போவதா வேண்டாமா என்று தாமே நிச்சயிக்கக்கூடிய சுதந்திரம் உடையவர்கள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் கூலிக்கு வந்து, காண்டிராக்டர் காட்டிய இடத்தில் படுத்துறங்கும் தொழிலாளிக்கு அந்தச் சுதந்திரம் ஏது? மாலையில் வந்த அறிவிப்பு அவன் காதுக்கு எட்டியிருந்தாலும், இருட்டிலும் பனியிலும் அவன் எங்கே போவான்? ஆகவே எச்சரிக்கை என்பது, கேட்பவன் விருப்பத்துக்கு விடப்பட்ட செய்தியாக இல்லாமல், அவனை மலைமேல் அனுப்பியவரைக் கட்டுப்படுத்தும் ஆணையாக வேண்டும் என்பதே என் கட்சி.

இது புதிய யோசனையுமன்று. ஸ்விட்சர்லாந்தின் எவொலேனில் 1999 பிப்ரவரியில் 12 பேரைப் பனிச்சரிவு கொண்டுபோயிற்று. சாலையை மூடவும் வீடுகளைக் காலிசெய்விக்கவும் தவறியமைக்காக, அந்த ஊராட்சித் தலைவரையும் பாதுகாப்பு அதிகாரியையும் நீதிமன்றம் குற்றவாளிகளென்று தீர்த்தது. எந்தச் சரிவில் வீடு கட்டலாம், எதில் கூடாது என்று வரையறுக்கும் வரைபடங்களுக்கு அந்த நாட்டில் சட்டத்தின் பலம் உண்டு.

எல்லைச் சாலை ராணுவத்துக்கு அவசியம் என்பதை நான் மறுக்கவில்லை. சாலைக்குப் பனியகற்றத்தான் வேண்டும்; ஆனால் அகற்றுகிறவன் சரிவின் வழியிலேயே உறங்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் யாதொன்றும் இல்லை. பனிச்சரிவுப் பாதைகளைக் குறித்த வரைபடங்கள் நம்மிடமும் உண்டு. அவற்றில் அடையாளமிட்ட இடங்களில் குளிர்கால முகாம் எதுவும் இருக்கலாகாது என்று காண்டிராக்டு உடன்படிக்கையிலேயே எழுதிவிடலாம். எச்சரிக்கை வந்த நாளில் வேலை தானாக நின்றுவிட வேண்டும். அன்றைய கூலியும் முழுதாகக் கிடைக்க வேண்டும். கூலி போய்விடுமென்று அஞ்சுகிறவன் அபாயத்தைப் பார்த்துக்கொண்டே வேலைக்கு இறங்குவான் ஆதலால், இந்தக் கடைசி நிபந்தனையை நான் மற்றவற்றைக் காட்டிலும் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு பருவத்தில் அவ்வாறு நிற்கும் நாட்கள் எத்தனையானாலும் அந்தச் செலவை அரசாங்கம் சாலையின் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.