துண்டு வெட்டியபின் யார் பொறுப்பு?

1953ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜோன் கிப்பன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, 18 வயது யுவதி ஒருத்தியின் இதயத்திலிருந்த துவாரத்தை அடைத்தார். மனித குலம் அன்று ஈட்டிய வெற்றி இன்று நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் ஏழைக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கத்தியின் வேலை முடிந்த இடத்தில் சமுதாயத்தின் கடமையும் முடிந்தது என்று கருதும் மனப்பான்மையையே சாடுகிறோம்.

திருகோணமலையைப் பாருங்கள். வல்லரசுகள் கண்வைத்த துறைமுகம் இது. பிரித்தானியர் கட்டியவற்றில் எஞ்சி நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி 2022இலும் ஒப்பந்தம் எழுதினார்கள். எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிக் கவலைப்பட்ட கனவான்கள், இதே கரையில் கரைவலை இழுப்பவனின் இதயத்தைப் பற்றி என்றாவது கவலைப்பட்டார்களா? அவன் மார்பைத் திறக்கத் தொலைதூர நகருக்குப் போகவேண்டும். முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். சிகிச்சை முடிந்து சில நாட்களில் துண்டு வெட்டிவிடுவார்கள். தைத்த மார்போடு நெடுந்தூரம் பஸ்ஸிலோ ரயிலிலோ குலுங்கி, மூதூருக்கோ கிண்ணியாவுக்கோ புல்மோட்டைக்கோ வந்து சேரவேண்டும். கையில் ஆங்கிலத்தில் எழுதிய அட்டை. வீட்டில் அதை வாசிக்க ஆளில்லை.

உண்மையான சோதனை அதன்பின்னரே தொடங்குகிறது. அறுத்துக் கம்பியால் பிணைத்த மார்பெலும்பு பொருந்தக் குறைந்தது 6 முதல் 8 வாரங்கள் தேவை. அதுவரை வலை இழுக்கலாகாது, மூட்டை தூக்கலாகாது, கிணற்றில் தண்ணீர் அள்ளலாகாது. இருமல் வந்தால் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமவேண்டும். வலிக்கு அஞ்சி மூச்சை அடக்கினால் நுரையீரலில் சளி தங்கும்; ஆகவே மணிக்கு மணி ஆழமாக மூச்சிழுத்துப் பழகவேண்டும். இரத்தக் குழாய் எடுத்த கால் வீங்கும். காயம் சீழ் பிடிக்கலாம். இவை எல்லாவற்றினும் கொடியது, நள்ளிரவில் வரும் அச்சமும் காரணமறியாத அழுகையும். இதய அறுவைக்குப்பின் பலரை வாட்டும் இந்த மனச்சோர்வை, ‘தைரியமில்லாதவன்’ என்ற ஒரே சொல்லால் ஊரார் தள்ளிவிடுகிறார்கள்.

இங்கேதான் தாதியின் துணைப் பராமரிப்பு வேண்டும். பழகிய கையால் மெல்ல நீவிவிடுதல், மூச்சுப் பயிற்சி, இதமான இசை, அளவறிந்த நடை, அச்சத்தைக் கேட்கும் காது ஆகியவையே அது. இவை செல்வந்தரின் சொகுசு என்று ஏளனம் செய்வோர் உண்டு. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் நடந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியாயிற்று. இதய அறுவைக்குப்பின் இவ்வாறு நீவிவிடப்பட்டவர்களிடம் வலியும் பதற்றமும் தணிந்ததை அது கண்டது. முறையான உடற்பயிற்சியோடு கூடிய புனர்வாழ்வு, இதய நாள நோயாளர் மீண்டும் வைத்தியசாலைக்குத் திரும்புவதைக் குறைக்கிறது என்பதும் நிறுவப்பட்ட உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு இத்தகைய புனர்வாழ்வைப் பற்றி 1964இலேயே அறிக்கை எழுதியது. அறுபது ஆண்டுகள் கடந்தும் நம் குச்சவெளி மீனவனின் வாசலை அது எட்டவில்லை!

மறுபுறம், ‘துணை’ என்ற சொல்லை விலைபேசும் கூட்டத்தையும் நாம் மன்னிக்கமாட்டோம். செயற்கை வால்வு பொருத்தப்பட்ட ஏழைத் தாயிடம், “இங்கிலீஷ் மருந்தை நிறுத்து, என் சூரணத்தைச் சாப்பிடு” என்று சொல்பவன் வைத்தியனல்லன், யமனின் தரகன். இரத்தம் உறையாதிருக்க அவள் உண்ணும் வார்பரின் மாத்திரையை நிறுத்தினால் வால்வில் இரத்தம் கட்டும். அதனோடு அறியாத மூலிகையைச் சேர்த்தால் இரத்தம் பெருகிச் சாகவும் கூடும். துணை துணையாகவே இருக்கவேண்டும். மருந்தின் ஆசனத்தில் அது ஏறக்கூடாது. அந்த எல்லையைக் காப்பதற்கும் பயிற்சி பெற்ற தாதியே தேவை. நல்ல சேவை எட்டாத வாசலில்தான் போலி வைத்தியன் கடை விரிக்கிறான்.

‘பணமில்லை, தாதியர் வெளிநாடு போகிறார்கள்’ என்பார்கள். 2022இன் நெருக்கடியை நாமும் அனுபவித்தோம். ஆனால் நாம் கேட்பது கோடிக்கணக்கான இயந்திரமல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவை நிறுவியபோது இந்த நாடு செல்வத்தில் மிதக்கவில்லை. அன்று தொடங்கிய பாதையில்தான் குடும்பநல மருத்துவமாது வீடு தேடி வந்தாள். தாயும் சேயும் பிழைத்தனர். பிரசவித்தவளின் வாசலுக்கு வரத்தெரிந்த அரசு, இதயம் தைக்கப்பட்டவனின் வாசலுக்கு வரும் வழியை மட்டும் மறந்ததேன்?

நமது கோரிக்கை எளியது. துண்டு வெட்டும் நாளிலேயே நோயாளியின் பெயர் அவன் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகட்டும். முதல் வாரத்திலேயே ஒரு தாதி அவன் வீட்டுக்கு வரட்டும். அறிவுரைகள் அவன் மொழியில், தமிழிலும் சிங்களத்திலும், எழுதப்படட்டும். உறையும் தன்மையைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை அருகிலேயே கிடைக்கட்டும். உழைக்க முடியாத அந்த வாரங்களுக்கு அவன் அடுப்பு எரிய உதவிப்பணம் வரட்டும். இல்லையேல் பசி அவனை ஆறாத மார்போடு கடலுக்கு விரட்டும்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று இத்துறைமுகத்தில் பிரிந்து நின்று நாம் இழந்தவை போதும். மார்பெலும்பு எல்லோருக்கும் ஒரே விதமாகத்தான் பொருந்துகிறது. ஒன்றுபட்டுக் கேட்போம்.