பிராண்டட் டெஸ்க்டாப்பில் கூடுதல் டிரைவ்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

"கம்பெனி சிஸ்டம் வாங்கியிருக்கிறோம், இடம் நிரம்பிவிட்டது. இன்னொரு ஹார்ட் டிஸ்க் போட்டால் வாரண்டி போய்விடுமா?" கணினி விற்பனையிலும் சர்வீஸிலும் இருக்கும் எங்கள் உறுப்பினர்களின் கடைகளுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்லப்பட்டு வந்தது. சிலர் தாராளமாகப் போடலாம் என்றார்கள். சிலர் வம்பு எதற்கு என்று எக்ஸ்டர்னல் டிரைவை விற்று அனுப்பினார்கள். இன்னும் சிலர் வாரண்டி சீலைப் பார்த்ததுமே கேபினட்டைத் திறக்க மறுத்தார்கள். மூன்று கடை ஏறி இறங்கிய வாடிக்கையாளர் குழம்பித்தான் போனார். சங்கம் கூடிப் பேசி எடுத்த பொது முடிவை இங்கே வெளியிடுகிறோம்.

கணினியைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு, பொதுத் தரத்துக்கு உட்பட்ட எந்த நிறுவனத்தின் டிரைவையும் அதில் சேர்த்துக்கொள்ள உரிமை உண்டு. அதற்குத் தயாரிப்பாளரின் அனுமதி தேவையில்லை. அப்படிச் சேர்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக மற்ற பாகங்களின் வாரண்டியை மறுப்பது முறையல்ல. மின்சாரம், வெப்பம், இடம் ஆகியவற்றால் வரும் வரம்புகளை ஏற்கிறோம். அந்த வரம்பை வாங்குபவரிடம் சொல்லாமல் மறைப்பதையும், வரம்பே இல்லாத இடத்தில் பூட்டுப் போடுவதையும் எதிர்க்கிறோம்.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் கடைக்குக் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர் ஒருவர் தன் பிராண்டட் சிஸ்டத்தைக் கொண்டுவந்தார். உள்ளே 256 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று இருந்தது. கூடுதலாக 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை அவரே வாங்கி வந்திருந்தார். பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் மதர்போர்டில் இரண்டு சாட்டா போர்ட் காலியாக இருந்தது, டிஸ்க் உட்கார இடமும் இருந்தது. ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து ஹார்ட் டிஸ்குக்கு ஒரு ஒயர்கூட வரவில்லை. மின்சாரம் மதர்போர்டின் ஓரத்தில் இருந்த சின்ன கனெக்டரிலிருந்து எடுக்கப்பட வேண்டும். அதற்கான கேபிள் பெட்டியில் இல்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால், அந்த மாடலுக்கு அந்தக் கேபிளைத் தனியாக விற்பதில்லை, டிஸ்க்கோடு சேர்த்து வாங்கினால் கொடுப்போம் என்றார்கள். அறையைக் கட்டிக் கொடுத்துவிட்டு, கரண்ட் வேண்டுமென்றால் எங்கள் கடை பல்பைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்வதைப் போன்றது இது.

மின்சாரம் மதர்போர்டு வழியாகப் போவதே சதி என்று நாங்கள் சொல்லவில்லை. டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020, ஹெச்பி எலைட்டெஸ்க் 800 போன்ற அலுவலக மாடல்கள் பத்தாண்டுக்கு முன்பே இந்த அமைப்புக்கு வந்துவிட்டன. வழக்கமான 24 முள் பிளக்குக்குப் பதிலாக அவற்றின் எஸ்.எம்.பி.எஸ். 8 அல்லது 6 முள் கொண்ட சிறிய பிளக்கில் 12 வோல்ட்டை மட்டும் கொடுக்கும். டிரைவுக்கு வேண்டிய 5 வோல்ட்டை மதர்போர்டே தயாரித்துக்கொள்ளும். சும்மா ஓடும் நேரத்தில் மின்சாரம் வீணாவது இதனால் குறைகிறது. இன்டெல்லும் இதே கருத்தில் 10 முள் கொண்ட ஏடிஎக்ஸ் 12 விஓ என்ற பொதுத் தரத்தை வெளியிட்டிருக்கிறது. குறை அமைப்பில் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பிளக், தனக்கென்று ஒரு ஒயர் வரிசை வைத்துக்கொண்டு, அதன் விவரத்தை வெளியில் விடாததில்தான் இருக்கிறது. பொதுத் தரம் வந்த பிறகும் சொந்தப் பிளக்கையே பிடித்துக்கொண்டிருப்பதற்கு மின்சிக்கனத்தைக் காரணம் காட்ட முடியாது.

இது புதிய பழக்கமும் அல்ல. 1990களின் இறுதியில் டெல் தன் டெஸ்க்டாப்களில் பார்வைக்கு வழக்கமான ஏடிஎக்ஸ் பிளக்கையே வைத்து, உள்ளே ஒயர் வரிசையை மாற்றியிருந்தது. விவரம் தெரியாமல் கடையில் கிடைத்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் செருகியவர்களின் மதர்போர்டு கருகியது. பிளக் பொருந்தாமல் இருந்திருந்தாலாவது பிழைத்திருப்பார்கள். பழைய ஆட்கள் இன்றும் பிராண்டட் சிஸ்டத்தில் கை வைக்கும்போது மல்டிமீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது அந்தக் காலத்துப் பாடம்தான்.

வாடிக்கையாளர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க், சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.க்கு 5 வோல்ட் மட்டும் போதும், அதிலும் சுமை குறைவு. ஆகவே சிறிய கேபினட்டில் இரண்டாவது டிரைவ் என்றால் எஸ்.எஸ்.டி.யே பாதுகாப்பு. பிசிஐஇ ஸ்லாட் காலியாக இருந்தால் என்விஎம்இ அடாப்டர் கார்டு போடலாம். அது மின்சாரத்தை ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும், தனி ஒயர் வேண்டாம். பழைய மாடல்களில் அந்த டிரைவிலிருந்து பூட் ஆகாமல் போகலாம், டேட்டா வைத்துக்கொள்ளத் தடையில்லை. இந்த வழிகளெல்லாம் இருக்கும்போது, "எங்கள் டிஸ்க்தான் பொருந்தும்" என்று கவுன்டரில் சொல்லப்படுவதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

பூட்டு என்று நாங்கள் குறிப்பிடுவது வேறு வகை. ஆப்பிளின் 2011 ஐமேக்கில், ஹார்ட் டிஸ்க் தன் வெப்பநிலையை ஆப்பிளுக்கென்று எழுதிய ஃபர்ம்வேர் மூலம் கணினிக்குச் சொல்ல வேண்டும். வெளியில் வாங்கிய டிஸ்கைப் போட்டால் அந்தச் செய்தி வராது, மின்விசிறி முழு வேகத்தில் இரைய ஆரம்பித்துவிடும். வெப்பத்தைக் கவனிப்பது நியாயமான தேவைதான். அதற்குத் தனியாக ஒரு சென்சார் போதும் என்பதை வெளி நிறுவனங்கள் கேபிள் செய்து விற்றே காட்டின. இன்னொரு உதாரணம் சினாலஜி. டெஸ்க்டாப் அல்ல, நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி செய்யும் நிறுவனம், ஆனால் சிக்கல் ஒன்றே. 2025 ஏப்ரலில், அந்த ஆண்டின் பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தன் முத்திரை பெற்ற ஹார்ட் டிஸ்குகள் மட்டுமே முழுமையாக வேலை செய்யும் என்று அறிவித்தது. வாங்குபவர்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த டிஎஸ்எம் 7.3 மென்பொருளில் அந்தத் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒரு அப்டேட்டில் நீங்கிவிடக்கூடிய தடை பொறியியல் கட்டாயமாக இருந்திருக்க முடியாது.

பயாஸ் அமைப்புகளை இந்தக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. பல டெல் கணினிகள் சேமிப்பு முறை "ரெய்டு ஆன்" என்ற நிலையில் வருகின்றன. பழைய மாடல்களில் காலி சாட்டா போர்ட் பயாஸிலேயே அணைக்கப்பட்டிருக்கும். போய் இயக்கினால் டிரைவ் தெரியும். புது டிரைவ் விண்டோஸில் தெரியாததற்கு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இனிஷியலைஸ் செய்யாததுதான் பல நேரம் காரணம். பெரிய டிஸ்கை எம்பிஆர் முறையில் அமைத்துவிட்டு 2 டிபிக்கு மேல் காணோம் என்று கம்பெனியைத் திட்டுவதும் நடக்கிறது. ஜிபிடி முறையில் அமைத்தால் முழு இடமும் கிடைக்கும். வங்கியோ அரசு அலுவலகமோ தன் கணினிகளில் போர்ட்களை அணைத்து பயாஸுக்குப் பாஸ்வேர்டு வைத்தால், அது உரிமையாளர் தானே போட்டுக்கொண்ட பூட்டு. அதை மதிக்கிறோம். உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் எங்கள் உறுப்பினர் எவரும் அதைத் தொடமாட்டார்.

வாரண்டி விஷயத்தில் எங்கள் வாதத்துக்கு இந்தியாவிலேயே வலுவான முன்னுதாரணம் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததுதான் குற்றச்சாட்டு. அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடுகள் நடந்தன. ஆனால் அந்த உத்தரவின் ஒரு பகுதியைத்தான் நாங்கள் முக்கியமாகக் கருதுகிறோம்: வெளியில் பழுதுபார்த்துக்கொண்டார் என்பதற்காக ஒட்டுமொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியாள் செய்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும் பொறுப்பை மறுக்கலாம். கணினிக்கும் இதே அளவுகோல் போதும். நாங்கள் போட்ட டிஸ்கால் மதர்போர்டு பழுதானால் அதைத் தயாரிப்பாளர் நிரூபிக்கட்டும், ஏற்கிறோம். டிஸ்க் போட்டிருக்கிறீர்கள், அதனால் டிவிடி டிரைவைக்கூட மாற்றித் தரமாட்டோம் என்பதை ஏற்கமாட்டோம். அமெரிக்காவிலும் 2018 ஏப்ரலில் அங்குள்ள வர்த்தக ஆணையம், "சீல் கிழிந்தால் வாரண்டி இல்லை" என்ற வகை வாசகங்களுக்காக ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவற்றில் அசூஸ், மைக்ரோசாஃப்ட், சோனி ஆகியவையும் அடக்கம்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கென இணையதளத்தைத் தொடங்கியது. பழுதுபார்ப்புக் குறியீடு பற்றிய பரிந்துரையும் 2025இல் வந்தது. அது ஸ்மார்ட்போன், டேப்லெட்டிலிருந்து தொடங்குகிறது. டெஸ்க்டாப்பும் அதில் விரைவில் சேர்க்கப்பட வேண்டும், மதிப்பெண் போடும்போது கூடுதல் டிரைவ் சேர்க்க முடிகிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும் என்று கோருகிறோம். நல்ல நிலையில் ஓடும் கணினியை இடமில்லை என்பதற்காக மட்டும் கழித்துக்கட்டுவது, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் புதிய மின்னணுக் கழிவு விதிகளின் நோக்கத்துக்கே எதிரானது.

தயாரிப்பாளர்களுக்கு வைக்க வேண்டிய கோரிக்கை நீளமானதல்ல. எத்தனை டிரைவ், எந்த அளவு, எவ்வளவு மின்சுமை வரை தாங்கும் என்பதை விளம்பரத் தாளிலேயே அச்சிடுங்கள். மின் கனெக்டரின் முள் வரிசையை வெளியிடுங்கள். கேபிள், டிரைவ் மாட்டும் கேடி, எம்.2 திருகு ஆகியவற்றை டிஸ்க் வாங்காதவருக்கும் விற்பனை செய்யுங்கள். இது நடக்காத காரியம் இல்லை. டெல், ஹெச்பி, லெனோவோ மூன்றுமே தங்கள் அலுவலக மாடல்களுக்குப் பழுதுபார்க்கும் கையேட்டை இலவசமாகத் தருகின்றன. ஹெச்பியின் சில அலுவலக மாடல்களில் முன்பக்க மூடியைக் கழற்றினால், கூடுதல் டிரைவுக்கான திருகுகள் கேபினட் சட்டத்திலேயே வரிசையாக மாட்டியிருக்கும். இதற்கு முன் திறந்து பார்க்காத டெக்னீஷியனுக்கு அது தெரியாது, கடைத்தெருவில் திருகு தேடி அலைவார். அந்த யோசனை தோன்றிய வடிவமைப்பாளருக்கு எங்கள் பாராட்டு. அதே அக்கறையைக் கேபிளிலும் காட்டலாம்.

எங்கள் உறுப்பினர்களுக்கும் சில கட்டுப்பாடுகளை விதிக்கிறோம். உரிமை கேட்பவர் வேலையில் ஒழுங்காக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவான சாட்டா பவர் கன்வெர்ட்டர்களை இனி யாரும் பயன்படுத்தக் கூடாது. அவற்றின் உள்ளே ஒயர்கள் நெருக்கமாக ஒட்டி, ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. கிரிம்ப் செய்த கனெக்டர் விலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கேபிள் கிடைக்கவில்லை என்று மதர்போர்டிலிருந்து வரும் ஒயரை வெட்டி ஒட்டும் கைவேலையும் வேண்டாம். மின்சாரம் போதாத சிஸ்டத்தில் போதாது என்று சொல்லி, யூஎஸ்பி எக்ஸ்டர்னல் டிரைவைப் பரிந்துரைக்க வேண்டும்.

பயாஸில் சேமிப்பு முறையை மாற்றும் முன், விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்ப்பது கட்டாயம். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றும்போது குறியாக்கம் தானாகவே இயங்கிவிடுவதால், தன் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பது பல வாடிக்கையாளர்களுக்கே தெரியாது. ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றிவிட்டு 48 இலக்க மீட்புச் சாவி கேட்டுத் திரை நிற்கும்போது, "சார், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பாஸ்வேர்டு என்ன?" என்று போன் செய்வது எங்கள் தொழிலுக்கு அழகல்ல. சாவியை முதலில் எடுத்து எழுதி வைத்து, பேக்கப் முடித்து, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே ஸ்குரூடிரைவர் கையில் வர வேண்டும். கழற்றிய பாகங்கள், போட்ட டிரைவின் சீரியல் எண் இரண்டும் பில்லில் இருக்க வேண்டும். வாரண்டித் தகராறு வந்தால் வாடிக்கையாளருக்குக் கை கொடுப்பது அந்தத் தாள்தான்.

அரசு வாங்கும் கணினிகளில் இந்த நிலைப்பாட்டுக்கு நேரடி வேலை இருக்கிறது. எல்காட் வழியாகவும் ஜெம் தளம் வழியாகவும் அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் வாங்கும் டெஸ்க்டாப்கள் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியவை. முதல் நாளில் போதுமானதாக இருந்த 256 ஜிபி, வாரண்டி முடியும் முன்பே நிரம்பிவிடுகிறது. டெண்டர் வாசகத்தில் சில வரிகள் சேர்த்தால் பிறகு ஒவ்வொரு அலுவலகமும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நாங்கள் பரிந்துரைக்கும் வாசகம் இது:

"வழங்கப்படும் ஒவ்வொரு டெஸ்க்டாப்பிலும், பொதுத் தரத்திலான டிரைவ் ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தும் இடம், டேட்டா இணைப்பு, மின் இணைப்பு, அவற்றுக்கான கேபிள், திருகுகள் ஆகியவை விலைக்குள் அடங்கியிருக்க வேண்டும். வாங்கும் துறை, எந்தத் தயாரிப்பாளரின் டிரைவையும் எந்தத் தகுதியான டெக்னீஷியனைக் கொண்டும் பொருத்திக்கொள்ளலாம். அதனால் நேரடியாக ஏற்பட்டதென நிரூபிக்கப்படும் சேதம் தவிர, மற்ற அனைத்துக்கும் வாரண்டி முழுக் காலத்துக்கும் செல்லும்."